தெருவை மிதிக்காத செருப்பு

அந்தக் கவரை மேலே கம்பியில் செருக வேண்டாம் அண்ணாச்சி. மடங்கிவிடும். மடியிலேயே இருக்கட்டும். ஸ்கேன் படம் மடங்கினால் டாக்டர்மார்களுக்கு ஆகாது. நான் ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கொள்கிறேன், நீங்கள் காலை நீட்டி உட்காருங்கள். கோவில்பட்டியில் ஏறினால் திருநெல்வேலி வரைக்கும் இந்த வண்டி ஆடிக்கொண்டேதான் போகும்.

வீட்டம்மாவுக்கா?

கவரைப் பார்த்ததுமே தெரிந்தது. தெரியாத ஆள் பார்த்தால் ஜவுளிக்கடைப் பை என்று நினைப்பான். எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அதுதான் இருக்கிறது. கீமோ ஆரம்பித்தாயிற்றா? இனிமேல்தானா. சரி. அப்படியென்றால் நாம் பக்கத்தில் உட்கார்ந்தது நல்லதாகப் போயிற்று.

முடி கொட்டும் என்பார்கள். வாந்தி வரும் என்பார்கள். அதெல்லாம் வரும், போகும். காலைப் பற்றி மட்டும் போகிற போக்கில் சொல்வார்கள். விரல் நுனி கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள் என்று. அவ்வளவுதான். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதைத்தான் நீங்கள் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். மில்லில் நைட் ஷிப்ட். இதோ, ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு நேரே பஸ் ஏறியிருக்கிறேன், கண்ணைப் பாருங்கள். ஆனால் நரம்பைப் பற்றிக் கேளுங்கள், சொல்வேன். உடம்பிலேயே நீளமான நரம்பு முதுகுத்தண்டிலிருந்து கால் விரலுக்குப் போகிறதுதான். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே? அதே மாதிரி மருந்து முதலில் கால் விரலைத்தான் பிடிக்கும். அப்புறம் கை விரல். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகப் படித்தேன், நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எத்தனை வைத்தியம் உண்டோ அத்தனையும் பார்த்தாயிற்று. வைத்தியம் பார்க்காதவன் என்று எவனும் என்னைச் சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரி பெயர் ஆவுடைத்தங்கம். தங்கம் என்றுதான் கூப்பிடுவது. மார்பில் கட்டி. ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். நோய் போய்விட்டது, சுத்தம் என்கிறார்கள். பேச்சியம்மன் புண்ணியம். ஆனால் பாதி மருந்து ஏறுவதற்குள்ளேயே கால் போய்விட்டது. போய்விட்டது என்றால், இருக்கிறது, நடக்கிறது, ஆனால் அவளுக்குத் தெரியவில்லை. வேடிக்கைக்காரி அவள். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "கால் ரெண்டையும் அங்கேயே மறந்து வச்சிட்டு வந்திட்டேன் போல. நீங்க போயிக் கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அப்புறம் சட்டை ஊக்கு போட முடியவில்லை. டம்ளர் கையிலிருந்து நழுவும், விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

ராத்திரியில் எரிகிறது, பாதத்தில் யாரோ மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி இருக்கிறது என்பாள். நான் பார்த்ததில்லை. நான் மில்லில் இருப்பேன். பக்கத்து வீட்டம்மா ஒருநாள், "உங்க வீட்டுல ராத்திரி பூரா நடமாட்டம் கேக்குதே" என்றாள். பகலில் என் முன்னால் நன்றாகத்தான் இருப்பாள். பெண்பிள்ளைகள் கொஞ்சம் கூட்டித்தானே சொல்வார்கள், என்ன சொல்கிறீர்கள்?

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பெண் ஒன்று இருந்தது. சின்ன வயது. அதுதான் உட்காரவைத்துச் சொன்னது. "தைலம், அக்குபஞ்சர் எல்லாம் வேண்டாம்னு சொல்லலை. நல்ல இடமாப் பாத்துப் பண்ணுங்க, ஆனா இதெல்லாம் சரியாக்கிடும்னு நான் சொல்லமாட்டேன். உள்ளுக்குக் குடுக்கிறது எதுவா இருந்தாலும் எங்ககிட்டக் கேட்டுட்டுக் குடுங்க. நான் சொல்லித்தர்ற பயிற்சியைத் தினமும் செய்யணும். முதல்ல செருப்பு. வீட்டுக்குள்ளயும் செருப்பு போடணும். கட்டிலை விட்டு இறங்கினா கால் செருப்புலதான் இறங்கணும். தினமும் உள்ளங்காலை யாராவது பாக்கணும்."

தைலம் சொன்னது, சரி. ஊசி சொன்னது, சரி. பயிற்சியும் சரி. வீட்டுக்குள் செருப்பு என்றால் எப்படி?

உங்கள் வீட்டில் எப்படியோ. என் வீடு வெறும் வீடில்லை அண்ணாச்சி. எங்கள் பேச்சியம்மனுடைய சாமிப் பெட்டி என் வீட்டில்தான் இருக்கிறது. சிலம்பு, வாள், பட்டு, வெள்ளி முகம் எல்லாம் அதில்தான். கோவிலில் கொடைத் திருவிழா வந்தால் பெட்டி தெருவில் இறங்கிக் கோவிலுக்குப் போகும். கொடை முடிந்தால் திரும்ப என் வீடு. தகப்பனுக்குப் பின் மூத்தவன், அதுதான் முறை. பெட்டி பட்டாசலில், நடுக்கூடத்தில், இருக்கிறது. படுக்கிற அறையிலிருந்து அடுக்களைக்குப் போக வேண்டுமென்றால் பட்டாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது. கட்டினவன் அப்படிக் கட்டியிருக்கிறான். இப்போது சொல்லுங்கள், ஆத்தா இருக்கிற இடத்தில் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு சரக் சரக் என்று நடந்தால் அது வீடா, பஸ் ஸ்டாண்டா?

தங்கத்தின் தங்கச்சி உலகம்மாள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் வார்டன். புருஷன் துபாயில். பிள்ளைகளை அதட்டி அதட்டி, வாய் என்றால் அப்படி ஒரு வாய். அவள் ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். மெத்தென்று, பஞ்சு மாதிரி, நீலக் கலர். பட்டாசலில் நின்றுகொண்டு அதை டப்பாவிலிருந்து எடுத்தாள்.

"மச்சான், இது தெருவை மிதிக்காத செருப்பு. புதுசு. இதை அக்கா வீட்டுக்குள்ள மட்டுந்தான் போடப்போறா. இதுல என்ன தீட்டு?"

"செருப்பு செருப்புதாம்மா. தெருவுல போட்டா என்ன, தொட்டில்ல போட்டா என்ன."

"உங்க பேச்சிக்குக் கால்ல சிலம்பு போடலாம். எங்க அக்கா கால்ல செருப்பு போடக்கூடாதா?"

"சாமி காலும் மனுசி காலும் ஒண்ணா?"

"சாமி காலு மரத்துப் போயிருந்தா நீங்க என்ன செய்வீங்க?"

வார்டனிடம் யார் பேசி ஜெயிக்க முடியும்? தங்கம் அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் முரடன் இல்லை. செருப்பைத் தூக்கி எறியவில்லை. வாசல்படியில் வைத்தேன். வெளியே போகும்போது போட்டுக்கொள்ளட்டும், கொல்லைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளட்டும். வெயிலில் கிடந்து நீலம் வெளுத்துப் போயிற்று.

அதற்குப் பதில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். சாக்ஸ். தடித்த சாக்ஸ், குளிர் நாட்டில் போடுகிற மாதிரி. சாமிக்கும் குற்றமில்லை, காலுக்கும் குற்றமில்லை. யாருக்குத் தோன்றும் இந்த யோசனை? போட்டுவிட்டதும் தங்கம், "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போறீங்களா?" என்றாள். சிமெண்டுத் தரை வழவழப்பு. அடுக்களைப் படியில் சறுக்கி விழுந்தாள், கை மணிக்கட்டு வீங்கியது. அதோடு சாக்ஸ் போயிற்று. யோசனையில் குற்றமில்லை. பார்த்து நடந்திருக்க வேண்டும்.

வைத்தியத்துக்கு வருகிறேன். அதைத்தானே நீங்கள் கேட்க வேண்டும்.

முதலில் அக்குபஞ்சர். திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மா, பொறுமையான மனுஷி. மயிர் மாதிரி ஊசி. முட்டிக்குக் கீழே, பாதத்தில், விரல் இடுக்கில் எல்லாம் குத்தினார்கள். தங்கம் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "எப்பம்மா குத்துவீங்க?" என்றாள். அதற்குள் குத்தி முடித்திருந்தார்கள். அந்த டாக்டரம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஊசி போட்டு வந்த நாட்களில் கொஞ்சம் தூங்கினதாகச் சொன்னாள். ஒருநாள் அந்த டாக்டரம்மா, "வீட்டுல செருப்பு போட்டுக்கிடுறீங்களா?" என்று கேட்டார்கள். தங்கம் என்னைப் பார்த்தாள். "போட்டுக்கிடுறா, போட்டுக்கிடுறா" என்றேன். வாசலுக்கு வெளியே போடுகிறாளே, பொய்யில்லையே. எல்லாருடைய வீட்டு விவரமும் ஊசி போடுகிறவர்களுக்கு எதற்கு? வரும் வழியில் பஸ்ஸில் தங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். களைப்பு.

அப்புறம் தக்கலைப் பக்கம் ஒரு வர்ம ஆசான். கால் நரம்பில் கைவைத்தார் என்றால் உங்களுக்குத் தோள் சிலிர்க்கும். அவர்தான் தைலம் கொடுத்தார். மில்லிலிருந்து வந்ததும் முதல் வேலை அதுதான். காப்பிகூடக் குடிக்கமாட்டேன். அவள் காலை என் மடியில் தூக்கிவைத்து, முட்டியிலிருந்து கீழே நீவி நீவி, ஒவ்வொரு விரலாக. பஞ்சுத் தூசி என் தலையிலேயே இருக்கும். "கண்ணு செவந்து கெடக்கு, போயிப் படுங்க" என்பாள். "பேசாம இரு" என்பேன். "அப்ப அந்தத் தலையணையைக் கொஞ்சம் முட்டுக் குடுங்க. நீங்க தேய்க்கிறதைக் கண்ணால பாத்தாத்தான் எனக்குத் தெரியுது" என்பாள். தலையணையை நிமிர்த்தி வைப்பேன். சாய்ந்துகொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் முகத்தில் ஒரு... விடுங்கள். கல்யாணம் ஆன புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

எந்த ஆம்பிளை பெண்டாட்டி காலைப் பிடிப்பான், நீங்களே சொல்லுங்கள். நான் பிடித்தேன்.

கூழாங்கல்லில் நடந்தால் நரம்பு முழிக்கும் என்று மில்லில் ஒருவன் சொன்னான். கொல்லையில் கூழாங்கல் கொட்டி நடக்கவிட்டேன். கட்டையில் முள் முள்ளாக உருளை விற்கிறார்களே, அதை வாங்கிப் போட்டேன். அப்புறம் செங்கல் ஒத்தடம். எங்கள் பக்கம் குதிகால் வலிக்குச் செய்வது உண்டு. செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்கிலையை விரித்து, அதில் பாதத்தை வைத்து வைத்து எடுக்க வேண்டும். "சுடுதா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். இன்னும் கொஞ்சம் சுடவைத்தேன். "இப்ப?" இல்லை என்றாள். "இப்ப?" "எனக்கு என்ன தெரியுது, நீங்க வேணும்னா இன்னும் கொஞ்சம் வைங்க" என்றாள். வைத்தேன். மறுநாள் பார்த்தால் குதிகால் முழுக்கக் கொப்புளம். பாருங்கள், ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? சுடுகிறது என்று ஒரு வார்த்தை. நான் என்ன ஜோசியனா? தப்பு என் மேல் என்று உலகம்மாள் போனில் கத்தினாள். கேட்டுக் கேட்டுத்தானே வைத்தேன் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? எனக்குத் தொண்டை காய்கிறது. நைட் ஷிப்ட் முடிந்தால் இப்படித்தான்.

கொப்புளம் ஆறியது. அதற்குள் கொடை வந்துவிட்டது. காப்புக் கட்டினேன். பெட்டி எடுக்கிறவன் காப்புக் கட்டினால் மில்லுக்கு லீவு, வீட்டில் சாப்பாடு கிடையாது, படுக்கை கோவிலில், பெண்டாட்டியைத் தொடக்கூடாது. ஆகவே தைலம் கிடையாது. அவளிடம் சொன்னேன், "கொடை முடியட்டும், விட்ட இடத்துலருந்து பிடிச்சிருவோம்." சரி என்றாள். அவளே கொஞ்சம் தேய்க்கலாம் என்றால் குனிந்தால் தலை சுற்றுகிறது. அதுவும் கை விரலுக்குக் கால் தெரிய வேண்டுமே. கைக்கே கை தெரியவில்லை.

பெட்டி இறங்குகிற வீடு என்றால் சும்மாவா? நானே ஏணி போட்டு வாசலில் மாவிலைத் தோரணம் அடித்தேன். பட்டாசல் சுவரில் கலர்த்தாள், சீரியல் பல்பு எல்லாம் என் கையால்தான். வாயில் சின்ன ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து அடித்தேன். தங்கம் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "பிடிச்சிருக்கேனா பாருங்க, எனக்குத் தெரியலை" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த வருஷம் மாதிரி வீடு ஜொலித்ததில்லை.

கொடையன்று என்ன நடந்தது தெரியுமா? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் எங்கள் ஊர்க்காரர் இல்லை.

சாமியாடி என் தம்பி கொம்பையா. பெட்டி மூத்தவனுக்கு, ஆட்டம் இளையவனுக்கு. நல்ல ஆட்டம். திருநீறு கொடுக்கிற நேரம், பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். பிள்ளை வரம், மாப்பிள்ளை, வீட்டுக் கேஸ் என்று கேட்கிறார்கள். தங்கம் வந்து நின்றாள். நான் பெட்டி பக்கத்தில் நிற்கிறேன். கால் சரியாக வேண்டும் என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டாள்:

"ஆத்தா, உன் பெட்டி இருக்கிற வீட்டுல நான் செருப்பு போட்டு நடக்கலாமா?"

சுற்றி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. கொம்பையா ஆடிக்கொண்டே இருந்தவன் நின்றான். அவள் நெற்றியில் திருநீற்றைப் பூசினான். "எம் பிள்ளை காலு நோகக் கூடாது. போட்டுக்க மகளே. நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

அவள் அழுதுவிட்டாள். கூட்டத்தில் ஒரு கிழவி குலவை போட்டாள்.

ஆனால் அண்ணாச்சி, எனக்குத் தெரியாதா? பெட்டியைக் காக்கிறவன் நான். ஆத்தா பேசினால் அதற்கு ஒரு தொனி இருக்கிறது. அது அடிவயிற்றிலிருந்து வரும். இது கொம்பையா பேச்சு. சாமி மலையேறி வெகுநேரம் ஆகியிருந்தது, அவன் ஆடினது மேளத்துக்கு. அண்ணி மேல் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இரக்கம். அவள் ஆக்கிப்போட்டு வளர்ந்தவன். இரக்கம் வேறு, அருள்வாக்கு வேறு. கோவிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன், "ஏலேய், அது நீயா, ஆத்தாவா?" அவன், "எனக்கு ஒண்ணும் நெனவில்லண்ணே. ஆனா ஆத்தா சொன்னா என்ன, நான் சொன்னா என்ன, அண்ணி காலைப் பாரு" என்றான். பார்த்தீர்களா? ஆத்தா சொன்னால் என்ன, நான் சொன்னால் என்ன என்கிறான். அவன் வாயாலேயே வந்துவிட்டது.

தங்கம் வீட்டுக்கு வந்து வாசல்படியில் நின்றாள். வெளுத்துப்போன அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப்போனாள். பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து அப்போதுதான் இறக்கியிருந்தோம். "இன்னைக்கு வேண்டாம். காப்பு அவுக்கட்டும், யோசிப்போம்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

காப்பு அவிழ்த்தேன். குளித்தேன். மறுநாள் காலையில் தைலக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அவள் காலை மடியில் தூக்கி வைத்தால், நாற்றம். பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. பெருவிரலுக்குக் கீழே கறுப்பாக ஒரு புள்ளி. அழுத்தினால் ஏதோ கெட்டியாக இருக்கிறது. அவள் தலையணையில் சாய்ந்துகொண்டு, "என்ன பாக்கிறீங்க, தேய்ங்க" என்கிறாள்.

ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். ஒரு சின்ன ஆணி. தலை வரைக்கும் உள்ளே போயிருந்தது. டாக்டர் அதை ஒரு தட்டில் போட்டுக் காட்டினார். தங்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "கொடை பூரா என் கூடவேதான் நடந்துச்சா இது?" என்றாள். யார் சிந்தின ஆணியோ. கொடை வீடு, ஆயிரம் பேர் வந்து போகிற வீடு, யாரைக் குற்றம் சொல்ல? கொஞ்சம் சர்க்கரையும் இருந்தது அவளுக்கு. பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தால்தான் பாதம் தப்பும் என்றார்கள். எடுத்தார்கள்.

நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை. ஒவ்வொரு விரலாக நான் நீவின காலாக்கும்.

டிஸ்சார்ஜ் அன்று வீட்டைக் கழுவி வைத்துவிட்டு ஆட்டோவோடு போய் நிற்கிறேன். உலகம்மாள் ஒரு கார் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். "அக்கா எங்கூட வரட்டும் மச்சான். கொஞ்ச நாள்" என்றாள். தங்கம் என்னைப் பார்க்கவேயில்லை. தன் காலைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அடியாக வைத்துக் காரில் ஏறினாள். கொஞ்ச நாள் என்றுதானே சொன்னாள், நானும் சரி என்றேன். கொஞ்ச நாள் என்பது முடியாமல் போய்க்கொண்டிருக்கிறது.

எங்கள் ஒரே மகள் ஓசூரில் இருக்கிறாள். "பெட்டியைச் சித்தப்பா வீட்டுல வச்சிருங்கப்பா. எப்படியும் உங்களுக்குப் பிறகு அங்கதானே போகப்போகுது" என்கிறாள். உண்மைதான், எனக்கு ஆண்பிள்ளை இல்லை. எனக்குப் பிறகு பெட்டி கொம்பையா வீட்டுக்குத்தான். அவனும், கொண்டுவா அண்ணே, நான் வைத்துக்கொள்கிறேன் என்கிறான். ஆனால் உயிரோடு இருக்கும்போதே மூத்தவன் பெட்டியை இறக்கிவிட்டான் என்றால் ஊர் என்ன சொல்லும்? இதெல்லாம் ஓசூரில் இருக்கிறவர்களுக்கு விளங்காது.

நான் வைத்தியத்தை விடவில்லை. ஆசானிடம் போனில் பேசிவிட்டேன். அங்கேயே தங்கி எண்ணெய்த் தாரை விட்டால் போன நரம்புகூடத் துளிர்க்க வாய்ப்பு இருக்கிறது என்கிறார். உறுதி சொல்லமாட்டேன் என்றும் சொன்னார், அது எல்லா வைத்தியரும் சொல்வது. அதற்காகத்தான் இப்போது போகிறேன். இன்றைக்குப் பாளையங்கோட்டையிலிருந்து அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு தக்கலை போய்விட வேண்டும், அங்கிருந்து நேரே நம் வீடு. வருவாளா என்றா கேட்கிறீர்கள்? வருவாள். நம்பிக்கை இருக்கிறது. காரணத்தோடுதான் சொல்கிறேன். போன தடவை போனபோது நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

அன்றைக்கு நான் சொல்லாமல் போனேன். உலகம்மாள் ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். கதவு திறந்து கிடந்தது, கம்பிக்கதவு மட்டும் சாத்தியிருந்தது. வெளியே நின்று பார்க்கிறேன். தங்கம் அடுக்களையிலிருந்து வருகிறாள். கையில் காப்பி டம்ளர், துணி சுற்றிப் பிடித்திருக்கிறாள். காலில் செருப்பு. வீட்டுக்குள், டைல்ஸ் தரையில், மாடத்தில் முருகன் படத்துக்கு முன்னால், செருப்போடு. பின்னால் வார் வைத்தது, சிவப்புக் கலர். விசுக் விசுக் என்று நடக்கிறாள். தரையைப் பார்க்கவேயில்லை, அண்ணாச்சி. நம் வீட்டில் இருந்தவரைக்கும் குனிந்த தலை நிமிராமல் தரையைப் பார்த்துப் பார்த்து நடந்தவள், நேரே பார்த்து நடக்கிறாள். ஜன்னலில் உட்கார்ந்திருந்த பூனையிடம், "உனக்கு வேற காப்பி வேணுமோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"தங்கம்" என்றேன்.

திரும்பினாள். டம்ளரை டிவி மேல் வைத்தாள். சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டு கால் இரண்டையும் ஆட்டி ஆட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை இழுத்து விட்டுக்கொண்டு ஒடுங்கி நின்றாள். பார்த்தீர்களா? யாரும் சொல்லவில்லை. அது அவளுடைய தங்கச்சி வீடு, சாமிப் பெட்டி கிடையாது, ஒன்றும் கிடையாது. என்னைக் கண்டதும் கழற்றினாள். அந்த மரியாதை போகவில்லை. அது போதும் எனக்கு.

கம்பிக்கதவைத் திறந்து உள்ளே போனேன். "வீட்டுக்கு வா" என்றேன்.

"செருப்போட விடுவீங்களா?" என்று கேட்டாள். சண்டைக்காகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"தைலம் இருக்கு. ஆசான்கிட்டப் பேசியிருக்கேன். கால் வந்திரும். கால் வந்திட்டா செருப்பு எதுக்கு?"

"கால் வராட்டி?"

"வரும்."

"வராட்டி என்ன செய்யன்னு சொல்லுங்க. நான் அதைக் கேட்டுட்டு வாரேன்."

குனிந்துகொண்டேன். அப்போதுதான் பார்த்தேன். வலது கால் செருப்பு கழன்று ஓரமாகக் கிடக்கிறது. இடது காலில் செருப்பு அப்படியே இருக்கிறது. பின்வார் குதிகாலைப் பிடித்துக்கொண்டு கழலாமல் இருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு காலும் வெறுங்கால் என்று நினைத்துக்கொண்டு, மரியாதையாக, சுவரோடு ஒட்டி நின்று என்னிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

நான் சொல்லவில்லை. சொன்னால் குனிந்து பார்ப்பாள்.

காப்பியை ஆறும் முன்னே குடி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.